கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு கதவு



சென்ற பதினைந்து நாளில் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மளிகைக் கடைக் குடும்பத்து மருமகள் ஒருவர் எழுதியது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருக்கிறார், போடவில்லை.

"அம்மா, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விண்ணப்பம் வாங்கி வந்தோம். 'தகப்பனார் தொழில்' என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் 'சொந்த வியாபாரம்' என்று எழுதினார். 'தாயார் தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினார். காலையில் ஆறு மணிக்குக் கடையைத் திறப்பது நான்தான். ராத்திரி கல்லா எண்ணுவதும் நான்தான். கேட்டால், 'ஒரு வார்த்தைக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறியே' என்கிறார். நான் வருத்தப்படலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்கள்."

வருத்தப்படலாம் அம்மா. நன்றாகவே வருத்தப்படலாம். ஆனால் அந்தக் கோபத்தில் பாத்திரங்களை உருட்டுவதற்கு முன் என் தாயாரின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். அவரும் உங்களைப் போல ஒரு கடைக்காரரின் 'இல்லத்தரசி'தான்.

நான் பிறந்தது 1948-ல், கும்பகோணத்தில். பெரிய கடைத்தெருவை ஒட்டிய சந்தில் எங்கள் மளிகைக் கடை. அந்தக் காலத்துக் கடைவீதியைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக் கொள்ளுங்கள். கும்பேஸ்வரன் கோயிலுக்குப் போகிற வழியில் நீளமான மண்டபம். அதன் இரண்டு பக்கமும் கடைகள். வளையல், குங்குமம், மரச்சொப்பு, பித்தளைப் பாத்திரம். சாமி பார்க்கக் கிளம்பிய பெண்டுகள் பாதி வழியிலேயே நின்று விடுவோம். பாத்திரக் கடைகளில் பழைய பித்தளையை எடை போட்டு எடுத்துக் கொண்டு புதுசு கொடுப்பார்கள். எவர்சில்வர் அப்போதுதான் தலைகாட்ட ஆரம்பித்திருந்தது. வீட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தால் அது விருந்தாளிக்குத்தான். ரசத்துக்கு ஈயச் சொம்பும் அங்கேதான். (இப்போது வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈயச் சொம்பு என்பது வெள்ளீயம். அதில் காரீயம் கலந்திருந்தால் குழந்தைகளின் மூளைக்கே கெடுதல். தெரிந்த கடையில், சுத்த வெள்ளீயம் என்று பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிடாதீர்கள், உருகிப் போய்விடும்!)

அன்றைய கடைகளில் பெரும்பாலானவை குடும்பக் கடைகள்தான். முன்கட்டு கடை, பின்கட்டு குடித்தனம். தாத்தா உட்கார்ந்த பலகையில் அப்பா, அப்பா உட்கார்ந்த பலகையில் பிள்ளை. எங்கள் கடைப் பலகையில் தாத்தாவின் பெயரைப் போட்டு 'அண்டு சன்ஸ்' என்று எழுதியிருந்தது. சன்ஸ் உண்டு. பெண்பிள்ளை பெயர் எதற்கு?

கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு கதவு. பாதிக் கதவு, மேலே சாக்குத் திரை தொங்கும். அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் அப்பா, சித்தப்பா, இரண்டு வேலையாட்கள். அந்தப் பக்கம் அம்மா, அப்பாயி, சித்தி, அப்புறம் நான். வாடிக்கையாளருக்குத் தெரிவது துவரம்பருப்பு மூட்டை, எண்ணெய்த் தகரம், மேலே தொங்குகிற நூல்கண்டு, அதிலிருந்து நூலை இழுத்துப் பொட்டலம் கட்டுகிற அப்பாவின் விரல்கள். அப்பாவின் பொட்டலம் பிரியவே பிரியாது என்று ஊரில் பேர். அந்தக் காகிதப் பையை ஒட்டியது யார்? ராத்திரி பத்து மணிக்கு மேல் மைதாப் பசை காய்ச்சி, பழைய பேப்பரைக் கிழித்து, கால் நீட்டி உட்கார்ந்து பை ஒட்டியது அம்மா.

விருதுநகரிலிருந்து மிளகாய் வந்தால் காம்பு கிள்ள வேண்டும். புளி வந்தால் கொட்டை எடுக்க வேண்டும். பருப்பு வந்தால் முறத்தில் போட்டுக் கல் பொறுக்க வேண்டும். ஈரோட்டு மஞ்சள் வந்தால் விரலி தனி, குண்டு தனி. மிளகாய் இடிக்கிற நாளில் பின்கட்டில் எல்லோரும் தும்முவோம். அம்மாவுக்கு மட்டும் தும்மல் நின்று இருமலாகத் தங்கி விட்டது. தூளியில் என் தம்பி கிடப்பான். ஒரு கால் தூளிக் கயிற்றில், இரண்டு கையும் முறத்தில். இந்தக் காட்சியை எழுதும்போதுதான் தோன்றுகிறது, மிளகாய் நெடி அந்தக் கைக்குழந்தைக்கும் சேர்த்துத்தான் போயிருக்கும். உங்கள் கடையிலும் பின்கட்டில் மாவு மில்லோ மிளகாய் மெஷினோ இருந்தால் குழந்தையை வேறு அறையில் போடுங்கள், நீங்களும் மூக்கைத் துணியால் கட்டிக் கொள்ளுங்கள். அம்மாவுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

கடை மூடிய பிறகு கணக்கு. இது ஊருக்குத் தெரியாத ரகசியம். அப்பா நல்ல வியாபாரி, ஆனால் கூட்டல் வராது! அம்மா படித்தது அஞ்சாம் வகுப்பு வரை. ஆனால் அவருடைய தகப்பனார் திண்ணையில் உட்கார வைத்து எண்சுவடி பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். மாகாணி, அரைக்கால், கால் என்று பின்னத்தை எல்லாம் வாயாலேயே பெருக்குவார். நாள்வழிக் குறிப்பில் பிள்ளையார் சுழி போட்டு அப்பா வாசிக்க வாசிக்க அம்மா பேரேட்டில் பற்று, வரவு எழுதுவார். படியால் அரிசி அளக்கும்போது எங்கள் பக்கத்தில் 'ஒண்ணு' என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். லாபம், ரெண்டு, மூணு... அம்மாவுக்கு அது நாக்கில் ஒட்டிக் கொண்டது. எனக்குச் சடை பின்னும்போது கூட, "லாபம், ரெண்டு, மூணு" என்று காலைப் பிரித்துத்தான் பின்னுவார்.

1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. இனிமேல் நூறு நயா பைசா. சர்க்கார் கணக்குப்படி ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. பார்த்தீர்களா வேடிக்கையை? மூன்று தடவை வந்து ஓரணா ஓரணாவாக வாங்கினால் 18 பைசா. ஒரே தடவையாக மூன்றணாவுக்கு வாங்கினால் 19! எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரே நாளில் இதைக் கண்டுபிடித்து விட்டார்கள். கடையில் சண்டை. அப்பா தலையைச் சொறிந்து கொண்டு திரைப்பக்கம் வந்து, "இந்தா, இதுக்கு என்ன செய்யறது?" என்றார். அம்மா மாவு அரைத்துக் கொண்டே, "பிள்ளைங்க வந்தா பதினெட்டே வாங்கிக்குங்க. ஒரு பைசாவுக்காக அதுங்க மூணு தடவை ரோட்டைத் தாண்ட வேணாம்" என்றார். அந்த ஒரு பைசாவுக்கு எங்கள் கடைக்குப் பிள்ளைகள் கூட்டம் எப்படி வந்தது என்கிறீர்கள்!

பிறகு பலமும் வீசையும் போய்க் கிலோ வந்தது. 1958-ல் ஆரம்பித்து 1962-க்குள் எல்லாக் கடையும் மாறியாக வேண்டும். ஒரு பலம் 35 கிராம், நாற்பது பலம் சேர்ந்த ஒரு வீசை 1,400 கிராம். அரை வீசைப் புளி கேட்கிற ஆச்சிக்கு 700 கிராம் என்றால் குறைவாகக் கொடுக்கிறோமோ என்று சந்தேகம். அம்மா பாதிக் கதவின் உள்பக்கம் சாக்கட்டியால் ஒரு பட்டியல் எழுதினார். அப்பா எடை போடும்போது தலையை மட்டும் பின்னால் திருப்பிப் பார்த்துக் கொள்வார். வாடிக்கைக்காரர்கள் அவர் மனக்கணக்குப் போடுகிறார் என்று நினைப்பார்கள்.

முன்வாசலில் ஆண்கள் என்றால் பின்வாசலில் பெண்கள். பிள்ளை பெற்றவளுக்கு லேகியச் சாமான், குழந்தை வயிற்று வலிக்கு ஓமம் என்று, ஆண்களிடம் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் எல்லாம் கொல்லைப்புறம் வந்து அம்மாவிடம்தான் கேட்பார்கள். சுக்கு, திப்பிலி, பெருங்காயம் எல்லாம் அளவு சொல்லிக் கட்டிக் கொடுப்பார். கையில் காசில்லாதவளிடம், "எழுத வேணாம், அப்புறம் கொடு" என்பார். ஒன்று மட்டும் நான் மாற்றிச் சொல்ல வேண்டும். வசம்பையும் ஜாதிக்காயையும் உரசி, தேனில் குழைத்துக் கைக்குழந்தை நாக்கில் தடவச் சொல்வார் அம்மா. இன்றைய குழந்தை டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து நீங்கலாக, தேவையில்லை. தேனோ ஒரு வயது முடியும் வரை கூடாது. அம்மா இருந்தால் இதைக் கேட்டுக் கொண்டிருப்பார். நியாயம் இருந்தால் யார் சொன்னாலும் கேட்பார்.

இனி நகைக்கு வருகிறேன். சுற்று வட்டாரம் முழுவதும் நெல் விவசாயம். ஆடியில் விதைப்பு, தையில் அறுவடை. அது வரை பெரிய வீடுகளும் சரி, குத்தகைக்காரர்களும் சரி, எல்லாம் பற்று நோட்டுத்தான். ஆனால் மொத்த வியாபாரி அறுவடை வரை காத்திருப்பாரா? மாட்டார். ஆகவே ஆடி மாசம் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். தை மாசம் திரும்பி வரும். அது அம்மாவின் பிறந்த வீட்டில் போட்டது. எனக்கு விவரம் தெரிந்து, பொங்கலுக்குப் பொங்கல்தான் அதை அம்மா கழுத்தில் பார்த்திருக்கிறேன். உறவினர்கள் "உங்க கடைக்கு எவ்வளவு முதல் போட்டிருக்கீங்க?" என்று அப்பாவைக் கேட்டால், "எல்லாம் அவ கைராசிதான்" என்று சிரிப்பார். அப்பா நல்லவர் சகோதரிகளே. ஒரு நாள் அதட்டிப் பேசியதில்லை. அந்தச் சிரிப்பில் பொய் கிடையாது. ஆனால் முதல் வேறு, ராசி வேறு!

1966 ஆடியில் போன சங்கிலி அடுத்த தையில் வரவில்லை. வர வேண்டிய பாக்கிகள் வரவில்லை. அதற்கடுத்த தையிலும் இல்லை. அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மகாமகத்தைச் சொல்லாமல் கும்பகோணத்துக் கடையைச் சொல்ல முடியாது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஊர் கொள்ளாத ஜனம். 1956 மகாமகத்தின்போது எனக்கு எட்டு வயசு. சித்தியோடு குளித்து விட்டு ஈரப் பாவாடையோடு ஓடி வந்தேன். அம்மா பின்கட்டில் மஞ்சள், குங்குமப் பொட்டலம் கட்டிக் கொண்டிருந்தார். "நீ வரலையாம்மா?" "இந்தக் கூடை முடியட்டும்." ஒரு கூடை முடிந்தால் இன்னொரு கூடை. குளம் பத்து நிமிஷ நடை. உலகமெல்லாம் வந்து முழுகிய தண்ணீரில் என் அம்மா அந்த வருஷம் கால் கூட நனைக்கவில்லை. 1968-லும் அப்படியே. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகி விட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முப்பது பேர் வந்து இறங்கி விட்டார்கள், கேட்க வேண்டுமா!

அப்பா 1974-ல் தவறிப் போனார். மூன்றாம் மாதமே பாகப் பிரிவினைப் பேச்சு. கட்டிடம் வாடகைக்கு இருந்தது, ஆகவே பிரிக்க வேண்டியது சரக்கு, வாடிக்கை, வர வேண்டிய பாக்கி, கொஞ்சம் ரொக்கம். சித்தப்பாவும் என் தம்பிகளும் பிரித்துக் கொள்வது, அம்மாவைத் தம்பிகள் வைத்துக் காப்பாற்றுவது, அம்மாவும் நானும் எங்களுக்கு உரிமை எதுவும் வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். பத்திரம் எழுதுகிறவர் மைப்பெட்டியைத் திறந்து, "அம்மா, இடது பெருவிரலை நீட்டுங்க" என்றார்.

"பேனா கொடுங்க தம்பி" என்றார் அம்மா. கண்ணாடியை மாட்டிக் கொண்டு சரக்குப் பட்டியலை முதலிலிருந்து வாசித்தார். கூடம் முழுக்க மௌனம். நாலாம் பக்கத்தில் விரலை வைத்து, "மிளகு பன்னெண்டு கிலோ மச்சுல இருக்கு. இதுல வரலையே" என்றார். சித்தப்பா ஆளை அனுப்பி மச்சில் பார்க்கச் சொன்னார். இருந்தது. பட்டியலில் சேர்த்தார்கள். கூட்டுத் தொகையை அம்மாவே திருத்திச் சொன்னார். பிறகு, அந்தத் தொகையில் தனக்கு ஒரு காசும் வேண்டாம் என்ற பத்திரத்தில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே நானும் போட்டேன்.

ராத்திரி படுக்கும்போது கேட்டேன்: "மிளகு ஞாபகம் வந்துச்சே, சங்கிலி ஞாபகம் வரலையாம்மா?"

"வந்துச்சு. அதை எந்தக் கணக்குல எழுதறது?"

சகோதரிகளே, அன்று எங்கள் இரண்டு பேருக்கும் சட்டம் தெரியாது. 1956-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து விட்டது. அப்பா உயில் எழுதவில்லை. குடும்பச் சொத்தில் அவருக்குச் சேர வேண்டிய பங்கில் மனைவிக்கும், மகன்களுக்கும், மகள்களுக்கும் சமமான உரிமை அன்றே இருந்தது. அந்தச் சங்கிலியோ அம்மாவின் சீதனம், அவருக்கே சொந்தம். நாங்கள் இழக்கவில்லை, எழுதிக் கொடுத்தோம். மகளும் மகனைப் போலவே பிறப்பால் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்காளி என்பது தமிழ்நாட்டில் 1989-ல் வந்தது. அதுவும் அதற்குள் கல்யாணமான என்னைப் போன்றவர்களுக்கு இல்லை. 2005-ல்தான் நாடு முழுவதற்கும், கல்யாணமான பெண்களுக்கும் சேர்த்து வந்தது. ஆனால் முன்பே பதிவு செய்து பிரித்துக் கொண்டதை அது தொடாது. தம்பிகள் அம்மாவை நன்றாகத்தான் வைத்துக் கொண்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் காப்பிப்பொடி தீர்ந்தால் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, ஒரு கடையையே நடத்திய மனுஷி.

கடிதம் எழுதிய மகளே, இப்போது உங்களுக்கு. விண்ணப்பத்தை அடித்துத் திருத்தி 'வியாபாரம்' என்று எழுதச் சொல்லுங்கள், அது ஐந்து நிமிஷ வேலை. அதோடு நின்று விடாதீர்கள். கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையில் காசு யார் கணக்கில் விழுகிறது என்று பாருங்கள். வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்? உணவுப் பொருள் விற்கும் பதிவு யார் பெயரில்? உங்கள் வீட்டுக்காரர் சம்மதித்தால் இருவரும் பங்குதாரர்கள் என்று ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்து கொள்ளலாம். அப்படிச் செய்தால் கடைக்குப் புதிதாக பான் அட்டை வேண்டும், ஜி.எஸ்.டி. இருந்தால் அதுவும் புதிதாக எடுக்க வேண்டும். ஒரு ஆடிட்டரைப் பார்த்து விடுங்கள். லாபத்தில் பங்கு என்றால் கடன் வந்தால் அதிலும் பங்கு உண்டு, அதையும் யோசித்துக் கொள்ளுங்கள். 'பாங்கில் உன்னை நாமினியாகப் போட்டிருக்கிறேன், போதாதா?' என்பார். போதாது. நாமினி பணத்தை வாங்கிக் கொள்ளலாம், ஆனால் வாரிசுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். நாமினி என்பதாலேயே சொந்தக்காரர் ஆகி விட மாட்டார். நகையைக் கடைக்குக் கொடுக்கிறீர்களா? கொடுங்கள், குடும்பம்தானே. ஆனால் தேதி, எடை, தொகை எழுதி, கடைக் கணக்கில் உங்கள் பெயரில் கடனாக வரவு வையுங்கள். உங்களுக்கு எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரிந்திருக்கட்டும்.

சண்டையாக வேண்டாம். என் அப்பாவைப் போல உங்கள் வீட்டுக்காரரும் நல்லவராகத்தான் இருப்பார். அவரையும் பக்கத்தில் வைத்துக் கொண்டு இதை வாசியுங்கள்.

எங்கள் கடை 1978-ல் மூடி விட்டது. சித்தப்பாவும் தம்பிகளும் தனித்தனியாக நடத்திப் பார்த்தார்கள், ஓடவில்லை. அந்தப் பாதிக் கதவைப் பழைய மரக்காரர் தூக்கிக் கொண்டு போனபோது சாக்கட்டிப் பட்டியல் பாதி அழிந்திருந்தது.

1980 மகாமகத்துக்கு நான் அம்மாவை அழைத்துக் கொண்டு போனேன். இந்தத் தடவை கட்ட வேண்டிய பொட்டலம் எதுவும் இல்லை. கூட்டத்தில் என் முழங்கையை இறுகப் பிடித்துக் கொண்டு படி இறங்கினார். கடைசிப் படியில் நின்று தண்ணீரைப் பார்த்தார். மூக்கைப் பிடித்துக் கொண்டு ஒரு முழுக்குப் போட்டு எழுந்தார்.

"லாபம்" என்றார்.

பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அம்மா கவனிக்கவில்லை. மறுபடியும் முழுகி எழுந்தார்.

"ரெண்டு."